எங்கள் வீட்டில் பிரச்சனை இருக்கிறது

போன செவ்வாய்க்கிழமை காலை. இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸி 'கர்ர்...' என்று ஒரு சத்தம் போட்டது. கொஞ்சம் புகை விட்டது. நின்றுவிட்டது.

"ஏங்க... மிக்ஸி போச்சு!" என்று கத்தினேன்.

வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! முட்டியில் மாட்டியிருந்த பட்டை நழுவிக் கணுக்காலில் கிடக்கிறது. அதைக்கூடக் கவனிக்கவில்லை மனிதர்.

"தள்ளு, தள்ளு! ஸ்விட்ச்ச தொடாத! ஸ்க்ரூ டிரைவர் எங்க கீது?"

பத்தே நிமிடம். ஹாலில் பழைய பெட்ஷீட்டை விரித்து மிக்ஸியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுவிட்டார். கழற்றிய ஸ்க்ரூக்களை எல்லாம் உயர வாரியாக வரிசையில் நிறுத்தி வைத்திருந்தார். பட்டாளத்துக்காரர் அல்லவா! அன்றைக்கு இட்லிக்கு மிளகாய்ப் பொடிதான். அதையும் விசிலடித்துக்கொண்டே சாப்பிட்டார்.

மிக்ஸி ரிப்பேர் ஆனதற்கு ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷப்படுவாரா? எங்கள் வீட்டில் படுவார். அதற்குக் காரணம் இருக்கிறது... சொல்கிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தார் என்பது தெரியும். அவர் லீவில் வரும் மாதங்களில் நான் எழுதுவதில் கிண்டல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்று நீங்களே கண்டுபிடித்துக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். இருபத்துநாலு வருஷ சர்வீஸ். போன மாதம்தான் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு திருநின்றவூர் ஸ்டேஷனில் இறங்கினார். ஒரேயடியாக!

வந்த நாளிலிருந்து எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. "ஏன், இன்னும் ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன் இருக்குமே... வாங்கலையா?" எங்கள் ஃபிளாட் செகரட்டரி அதற்கும் ஒரு படி மேலே போய், "அப்ப மிலிட்டரி கேன்டீன் சரக்கு?" என்று ரகசியக் குரலில் விசாரித்தார். ரிடையர் ஆனாலும் கார்டு உண்டு என்று தெரிந்ததும்தான் அவர் முகத்தில் உயிர் வந்தது. "காட்டுப்பள்ளி பக்கம் செக்யூரிட்டி ஆபீசர் வேலை இருக்கு, சொல்லட்டுமா?" என்று இதுவரை நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.

எப்படி முடிவு எடுத்தோம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன? நான் சொல்லாமல் விடுவேனா?

அதற்குக் கல்யாணமான புதிதுக்குப் போக வேண்டும். அப்போது நான் மாமியார் வீட்டில் இருந்தேன். ஒரு நாள் சமையலறையில் பாம்பு. போனில் அவரிடம் அழுது தீர்த்துவிட்டேன். நாலாம் நாள் அவரோடு வேலை பார்க்கும் ஒரு நெல்லூர்க்காரர் எனக்கு போன் செய்தார். "சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. உங்ககிட்ட பேசினதுலேருந்து அவன் சரியா சாப்பிடல, தூங்கல. லீவும் கிடைக்கல. அவன் கையில துப்பாக்கி இருக்குது சிஸ்டர். டென்ஷன் குடுக்காதீங்க."

அன்றைக்கு முடிவு செய்தேன். கையில் துப்பாக்கி வைத்திருப்பவரிடம் இனி எந்தக் கெட்ட செய்தியும் சொல்வதில்லை.

பட்டாளத்தில் தினமும் சாயங்காலம் மேலிடத்துக்கு 'ஆல் ஓகே ரிப்போர்ட்' கொடுப்பார்களாம். ஆட்கள் சரி, ஆயுதம் சரி, எல்லாம் சரி. நானும் கொடுக்க ஆரம்பித்தேன். "அங்க எப்டி?" என்று அவர் கேட்பார். "எல்லாம் ஓகே" என்பேன். நடுவில் ஒரு மூன்று வருஷம் செகந்திராபாத்தில் கூட இருந்தோம். பிறகு பெண் ரம்யாவின் படிப்புக்காகத் திருநின்றவூரில் கிரவுண்ட் ஃப்ளோரில் ஒரு ஃபிளாட். பதினாறு வருஷம் அங்கே நானும் அவளும் மட்டும்தான். அத்தனை வருஷமும் எல்லாம் ஓகே!

ரம்யாவும் கற்றுக்கொண்டுவிட்டாள். டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டிரிப்ஸ் ஏறும் கை தெரியாமல் மொபைலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "இப்பதான்பா தூங்கி எழுந்தேன்" என்று சிரித்தாள். அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அதில் பெருமைப்பட முடியவில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வடகிழக்கில் எங்கேயோ ஒரு மலை மேலிருந்து, டவர் கிடைக்கும் இடம் தேடிப் போய் அவர் பேசினார்.

"கலா, பேப்பர் வந்துட்ச்சி. ரெண்டு வருசம் எக்ஸ்டென்ஷன். வில்லிங்கா, அன்வில்லிங்கான்னு எழுதிக் குடுக்கணும். இன்னா பண்லாம்?"

வில்லிங் என்றால் இன்னும் இரண்டு வருஷம் அங்கே. அன்வில்லிங் என்றால் வீடு.

'வந்துடுங்க' என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஆனால், அவருக்கு ஆசை இருந்தால்? நாம் இழுத்துப் பிடித்தது போல ஆகிவிடாதா? 'வரட்டுமா?' என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"உங்க இஷ்டங்க" என்றேன்.

"அங்க எப்டி?"

"எல்லாம் ஓகே."

"அப்ப சரி... வில்லிங் குடுத்துடறேன். வெள்ளிக்கெழமதான் கடைசி நாளு" என்று வைத்துவிட்டார்.

உங்கள் இஷ்டம் என்று சொன்னவள் நான்தான். ஆனாலும் எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள்! இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ரம்யா காலேஜுக்கு டப்பா கட்டும்போது மூடிகளை எல்லாம் ஓங்கி ஓங்கி அடித்து மூடினேன்.

புதன்கிழமை தேவகி அண்ணி வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரருடைய அக்கா. வீடு எளாவூரில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷமாகப் பொருள்களைச் சோதித்துப் பார்த்து அனுப்பும் வேலை. பழுதைக் கண்டுபிடிப்பதுதான் அவர் தொழிலே. வீக் ஆஃப் என்பதால் இறால் உரித்துக்கொண்டிருந்தார். வெளியே ஹைவேயில் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"இன்னாமே, மூஞ்சி ஒரு மாதிரி கீது? ஏழுமலைகிட்ட சண்டயா?"

"சண்டை போடக்கூட டவர் கிடைக்கல அண்ணி" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அவன் வரணும்னு நீ சொன்னியா?"

"அவர் கேக்கலையே."

"பின்ன இன்னாதான் சொன்ன?"

"எல்லாம் ஓகேன்னு சொன்னேன்."

இறால் உரித்த கை நின்றது. "மழைக்கு ஊட்டுக்குள்ள தண்ணி பூந்து, பிரிட்ஜ மேஜ மேல ஏத்திட்டு நீயும் புள்ளயும் கட்டில் மேல குந்திக்கினு இருந்தீங்களே, அத சொன்னியா?"

"இல்ல."

"டெங்கு?"

"இல்ல."

"உனுக்கு ஆபரேஷன் ஆச்சே... அது?"

நான் லாரிகளைப் பார்த்தேன். "பல்லு புடுங்கினேன்னு சொன்னேன்."

"அடிப்பாவி! கர்ப்பப்பைல கட்டி எடுத்துக்கினு வந்து, பல்லு புடுங்கினேன்னு சொன்னியா? நீ சத்தியம் வாங்கிக்கினியேன்னு நானும் வாய மூடிக்கினு இருந்தேன் பாரு, என்னச் சொல்லணும்!" அண்ணிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "எல்லாமே ஓகேயா கீற ஊட்டுக்கு அவன் இன்னாத்துக்குமே வரணும்? நீயே சொல்லு."

"அவர் கையில துப்பாக்கி இருக்கு அண்ணி..."

"அத கீழ வெக்கறதா வேணாவான்னுதான உன்னாண்ட கேட்டான்? இப்பவாச்சும் வாயத் தொற."

திரும்பி வரும் வழியெல்லாம் போன் போட்டுப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே... எனக்குத்தான் அந்தப் பெண் குரல் பழகிய குரலாயிற்றே! சென்னையில் ரயில் மாறி, ஜன்னலோர இடம் கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் எழுத ஆரம்பித்தேன். வெள்ளம், டெங்கு, ஆபரேஷன். ரம்யா கணக்கில் ஃபெயில் ஆனது. மோட்டார் எரிந்து மூன்று நாள் பக்கத்துத் தெருவிலிருந்து தண்ணீர் தூக்கியது. அவருடைய அப்பா கடைசி நாட்களில் மகன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது... அதை எழுதும்போது பக்கத்து சீட் அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அம்பத்தூரில் ஆரம்பித்தது, பட்டாபிராம் தாண்டியும் முடியவில்லை. கடைசி வரியாக, 'இங்க ஒண்ணும் ஓகே இல்லைங்க. வந்துடுங்க' என்று எழுதி அனுப்பினேன்.

ஒரு டிக் விழுந்தது. ஒன்றே ஒன்று. வியாழக்கிழமை முழுக்க அந்த ஒரு டிக்தான். இட்லி மாவு புளித்துப் பொங்கித் தரையில் வழிந்தது. நான் மொபைலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு டிக், நீலமாக. பதில் இல்லை. பத்து மணி... பதினொன்று... பன்னிரண்டுக்கு போன் வந்தது.

"பல்லுன்னு சொன்னியே கலா" என்றார்.

வேறு எதையும் கேட்கவில்லை. அந்த ஒன்றைத்தான் கேட்டார். நான் அழுதேன். அவரும் அழுதார் என்று நினைக்கிறேன். அவரைக் கேட்டால் ஜலதோஷம் என்பார்.

"எனுக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றார் பிறகு. "ரெண்டு வருசமா முட்டி சரியில்ல. காலைல குனிஞ்சு பூட்ஸ் லேஸ் கட்ட முடியல. கூட கீறவன்தான் கட்டி உடறான்."

பாருங்கள் கதையை! அந்தப் பக்கமிருந்தும் எனக்கு வந்துகொண்டிருந்தது ஆல் ஓகே ரிப்போர்ட்தான்.

"அப்புறம் எதுக்குங்க இன்னும் ரெண்டு வருஷம்?"

"அங்க வந்து நான் இன்னா பண்றது? லீவுல வரப்பல்லாம் பாக்கறேனே... எல்லாம் தானா ஓடிக்கினு கீது. கேஸ் சிலிண்டர் மாத்தறதுகூட நீயே மாத்திட்ற. நான் வந்தா உங்க ரெண்டு பேருக்கும் எடஞ்சல்தான்னு நெனச்சேன்."

"பேப்பர் குடுத்துட்டீங்களா?"

"செவ்வாக்கெழமையே குடுத்துட்டேன்."

"ஐயோ!" என்று கத்திவிட்டேன்.

"இரு, இரு... காலைல உன் மெசேஜப் பாத்துட்டு நேரா ஆபீசுக்குப் போய்ட்டேன். இன்னும் மேல அனுப்பல. கிளார்க்கு இந்தில ஒரு பாட்டம் திட்டிட்டுத்தான் திருப்பிக் குடுத்தான். அன்வில்லிங்னு எழுதிட்டேன். காரணம் கேட்டான். ஊட்ல பிரச்சனன்னு எழுதினேன். இத்தினி வருச சர்வீஸ்ல ஒரு பேப்பர்ல இவ்ளோ சந்தோசமா எதுவும் எழுதினதில்ல கலா."

அன்றைக்கு எனக்கு வந்த தூக்கத்தைச் சொல்ல வேண்டுமே! மத்தியானம் இரண்டு மணிக்குப் படுத்தவள், ரம்யா காலேஜ் விட்டு வந்து கதவை இடித்த பிறகுதான் எழுந்தேன். பதினாறு வருஷமாகச் சிலிண்டர், மோட்டார், மழை என்று ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கிப் பழகிவிட்டேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பட்டாளத்துக் குடும்பங்கள் மட்டும்தான் இப்படியா? துபாயில் மகன் இருக்கிற வீடுகளில், பெங்களூரில் பெண்ணைக் கொடுத்த வீடுகளில் தினமும் என்ன நடக்கிறது? "சாப்பிட்டியா? நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்." இரண்டு பக்கமும் அதே ரிப்போர்ட். கவலை கொடுக்கக் கூடாது என்றுதான் செய்கிறோம். கடைசியில், நாம் இல்லாமலே அவர்களுக்கு எல்லாம் நடக்கிறது என்று ஆளாளுக்கு நம்பிவிடுகிறோம். யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

ஆர்டர் வந்து, அவர் வந்து சேரக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகிவிட்டது. இப்போது முட்டிக்கு வாரம் இரண்டு நாள் திருவள்ளூரில் பிசியோதெரபி. சிலிண்டர் மாற்றுவதை நான் விட்டுவிட்டேன். அவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மூன்று பேருக்கும் சேர்த்துத் தினமும் ஒரு சண்டை, உரத்த குரலில், டவர் பிரச்சனையே இல்லாமல்.

மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்த அன்றைக்கு அந்த நெல்லூர்க்கார நண்பரிடமிருந்து போன் வந்தது. அவரும் ரிடையர் ஆகி ஊரில் இருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஸ்க்ரூக்களுக்கு நடுவில் உட்கார்ந்து பேசினார் இவர்.

"ஏமிரா, ஊட்ல எல்லாம் ஓகேவா?"

"எங்க நைனா ஓகே! மிக்ஸி பூட்ச்சி, பாத்ரூம் குழா ஒழுவுது, பொண்ணு பேச்சக் கேக்க மாட்டன்றா... ஒரே பேஜாரு! உக்கார நேரம் இல்ல."

இவ்வளவு பெருமையாக ஒருவர் புகார் சொல்லி நான் கேட்டதே இல்லை.

மிக்ஸியா? திரும்பப் பூட்டியதில் நாலு ஸ்க்ரூ மிச்சம். இன்னும் ஓடவில்லை... ஓகே இல்லை என்று அவரிடமே சொல்லிவிட்டேன்.