மஞ்சள் புள்ளி வைத்த அறுபத்து நான்கு சைக்கிள்கள்

காலை எட்டு மணிக்கு எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் ஒரகடம் வரை தூங்க முடியாது. மூன்றாவது வரிசை ஜன்னலோரம் எங்கள் லைன் சூப்பர்வைசருடையது. குன்றத்தூரில் ஏறும்போதே கையில் செய்தித்தாள் இருக்கும். படப்பையில் நான் ஏறுவதற்குள் அன்றைக்கான சண்டை தொடங்கியிருக்கும்.

அந்த மழைக்காலம் முழுவதும் சண்டை ஒரே விஷயத்தைப் பற்றியதுதான். பிளஸ் ஒன் படிக்கும் பெண்களுக்கு அரசு இலவசமாகச் சைக்கிள் கொடுப்பது.

"போன வருஷம் கொஞ்சம் பேருக்காம். இந்த வருஷம் எல்லாருக்குமாம். அடுத்த வருஷம் பசங்களுக்கும் குடுப்பான். இன்னா, கவர்மெண்ட் வூட்டுல நோட்டு அடிக்கற மிஷினா கீது? நம்ம சம்பளத்துல புடிச்சித்தான குடுக்கறான்?"

பின் வரிசையிலிருந்து திருநெல்வேலிப் பெண் ஒருத்தி பதில் சொல்வாள். அசெம்பிளி லைனில் வேலை பார்ப்பவள். எங்கள் பஸ்ஸில் அவருக்குப் பயப்படாதவள் அவள் மட்டும்தான்.

"ஒங்க சம்பளத்துல பிடிச்சா ஒங்களுக்கு வலிக்கும் சார். எங்க சம்பளத்துல பிடிக்க என்ன இருக்கு?"

பஸ் சிரிக்கும். அவர் விடமாட்டார். "அதத்தாம்மா சொல்றேன். இப்படிக் குடுத்துக்கினே போனா எங்க முடியும்? அந்தக் காசுல இந்த ரோட்டுல இன்னும் நாலு பஸ் வுடச் சொல்லு, நானே கை தட்றேன்."

நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். பெண்கள் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எதையும் பட்டியலாக எழுதினால்தான் எனக்கு யோசிக்க வரும். பையில் இருந்த சின்ன நோட்டில் இந்தச் சண்டைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். இடப்பக்கம் அவர் சொன்னவை: ஒவ்வொரு வருடமும் செலவு ஏறுகிறது, குறைக்க யாருக்கும் துணிவில்லை, பஸ் விட்டால் எல்லோருக்கும் பயன், சும்மா வந்த பொருளை யாரும் பார்த்துக்கொள்வதில்லை. வலப்பக்கம் மற்றவர்கள் சொன்னவை. இடப்பக்கத்தில் என்னால் சுலபமாக அடிக்க முடிந்த வரி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அதைப் படிக்கப் படிக்க எனக்குக் கோபம் வந்தது.

கோபத்துக்குக் காரணம் உண்டு. எட்டு வருடம் நான் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டேன். பாலிடெக்னிக்குக்கு இலவச பஸ் பாஸில் போனேன். கம்பெனி பஸ்ஸில் இருந்த யாருக்கும் இது தெரியாது. கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை. நோட்டில் என்னை எந்தப் பக்கம் எழுதுவது என்றும் தெரியவில்லை.

நான் வாடகைக்கு இருந்த அறைக்குக் கீழே வீட்டுக்காரர் குடும்பம். அவர் ஷேர் ஆட்டோ ஓட்டினார். அவர் மகள் அந்த வருடம்தான் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள். பள்ளி ஏழு கிலோமீட்டர். காலையில் அப்பாவுக்குக் கம்பெனி சவாரி இருக்கும். டவுன் பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் நடை. மாலையில் மண் லாரிகளுக்கு நடுவே இருட்டும் நேரத்தில் வீடு வந்து சேருவாள்.

"காலாண்டு லீவு வரைக்கும்தான். அதுக்கப்புறம் நிறுத்திடுவேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் அவள் பயந்தாள்.

"சைக்கிள் வந்துடும்ல?" என்று நான் கேட்டேன்.

"வந்துடுச்சுக்கா. ஸ்கூல்ல கீது. எலும்புக்கூடா கீது."

"நீ ஒருத்தி சைக்கிள்ல போனா அப்பா விடுவாரா?"

"ஒருத்தியா போவக் கூடாதாம். நம்ம ஏரியாலருந்து அஞ்சு பேரு போறோம். அஞ்சு பேருக்கும் சைக்கிள் வந்தா சேந்து போன்னு சொல்லிட்டாரு. அஞ்சு பேரு பேரும் லிஸ்ட்ல எங்கெங்கயோ கீது. எல்லாருக்கும் குடுத்தாத்தான் எனக்கு."

மறுநாள் அதே எலும்புக்கூடுகளைப் பற்றி சூப்பர்வைசரும் பஸ்ஸில் பேசினார். அவருடைய தங்கை பெண்ணும் அந்தப் பள்ளிதான். கையெழுத்துப் போடப் போனவர் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"அறுபத்திநாலு சைக்கிள்மா. ஃபிரேம் ஒரு பக்கம், வீலு ஒரு பக்கம். ஷெட்ல மழை ஒழுவுது. மாட்டறவன் ரெண்டு நாள் வந்தானாம், வேற ஸ்கூலுக்குப் போயிட்டானாம். எப்ப வருவான்னு எச்செம்முக்கே தெரியல. நான் இன்னா சொன்னேன்? வரிப் பணம் துரு புடிக்குது. கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன்."

அன்று திருநெல்வேலிப் பெண்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பார்ட்ஸ் எதுவும் குறையுதா சார்?" என்று கேட்டேன். அந்த பஸ்ஸில் நான் பேசிய முதல் வாக்கியம் அது என்று நினைக்கிறேன்.

"குறையல. எல்லாம் கீது. மாட்டத்தான் ஆள் இல்ல."

"அப்ப அது செலவுக் கோளாறு இல்ல சார். ஃபிட்டிங் கோளாறு."

"தோடா! அப்டியா? நீ போயி ஃபிட் பண்ணேன் பாப்போம்."

"ஞாயித்துக்கிழமை பண்றேன். நீங்களும் வாங்க." வாய் திறந்தாகிவிட்டது. அதனால் மீதியையும் சொன்னேன். "எட்டு வருஷம் சத்துணவு சாப்பிட்டவ சார் நான். பஸ் பாஸ்ல படிச்சவ. இன்னைக்கு எனக்கும் தொழில் வரி பிடிக்கறாங்க. என்மேல போட்டது துரு பிடிச்சுதா இல்லையான்னு வந்து பாருங்க."

அவர் செய்தித்தாளை மடித்தார். பின்னாலிருந்து திருநெல்வேலிக் குரல் வந்தது: "ஏக்கா, எனக்கு ஒரு ஸ்பேனர் எடுத்து வையிங்க."

பள்ளிக்குப் போய்க் கேட்டபோது தலைமை ஆசிரியை முதலில் தயங்கினார். ஏதாவது கழன்று ஒரு பெண் விழுந்தால் யார் பதில் சொல்வது? நியாயமான கேள்வி. நான் பதினான்கு வரிகளில் சோதனைத்தாள் ஒன்று எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஹேண்டில்பார், முன் சக்கர நட்டு, பின் சக்கர நட்டு, பிரேக் கட்டை என்று தொடங்கி பெல் வரைக்கும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு தாள், ஒவ்வொரு தாளிலும் என் கையெழுத்து. அவர் அதை இரண்டு முறை படித்தார். கல்வி அலுவலகத்துக்கு போன் செய்தார். முடிந்தால் நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. சாவியைக் கொடுத்தார்.

ஞாயிறு காலை பதினோரு பெண்கள் வந்தோம். ஓவர்டைம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையைத் தூங்காமல் கொடுப்பது எங்கள் ஊரில் சாதாரண விஷயமில்லை. பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு லைன் அமைத்தேன். முதல் பெஞ்சில் சக்கரம், அடுத்ததில் ஹேண்டில்பார், பிறகு பெடல், மட்கார்டு, செயின், பிரேக். கடைசியில் நான், மஞ்சள் பெயிண்ட் பேனாவோடு. எங்கள் தொழிற்சாலையில் இறுக்கிச் சோதித்த ஒவ்வொரு திருகின் மேலும் ஒரு புள்ளி வைப்பது வழக்கம்.

சூப்பர்வைசர் ஒன்பதரைக்கு வந்தார். பைக்கை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

பத்து மணிக்குள் மூன்று சைக்கிள் பாழாயின.

முதலில் எனக்குப் புரியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் திருகு இறுக்குகிறவர்கள். அவர்கள் கையில் நட்டு மரை போய்ச் சுற்றுகிறது. ஒரு பிரேக் போல்ட் முறிந்தே விட்டது. திருநெல்வேலிப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிறுத்தல?" என்றேன்.

"சத்தமே கேக்க மாட்டேங்கே, எப்பக்கா நிறுத்த?"

அப்போதுதான் விளங்கியது. நாங்கள் கார் மீட்டர் போர்டு செய்கிறவர்கள். எங்கள் கருவி கரண்டில் ஓடும். இறுக்கம் சரியானதும் 'டிக்' என்று சொல்லித் தானே நின்றுவிடும். எங்கள் கைகள் எல்லாமே அந்த டிக்குக்காகக் காத்திருக்கப் பழகியவை. ஸ்பேனர் டிக் சொல்லாது. அதனால் யாருக்கும் நிறுத்தத் தெரியவில்லை. பட்டியலில் பதினான்கு வரி எழுதிய எனக்கும் இது தோன்றவில்லை.

பைக்கிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "இன்னாம்மா, டிக் கேக்கலியா? கவர்மெண்ட் சைக்கிள் டிக்லாம் சொல்லாது. டொக்குன்னு வுழும்!"

எனக்கு முகம் சுட்டது. லைனை நிறுத்தினேன். மீதியிருந்த ஒரு நட்டை எடுத்து, ஸ்பேனரை வெவ்வேறு இடத்தில் பிடித்து மெதுவாக இறுக்கிப் பார்த்தேன். நுனியில் பிடித்தால் பலம் கூடி மரை போகிறது. தலைக்கு நான்கு விரல் தள்ளிப் பிடித்தால், மணிக்கட்டு தானே தளரும் இடத்தில் இறுக்கம் சரியாக இருக்கிறது. சக்கர நட்டுக்கு ஆறு விரல் வேண்டும். எல்லா ஸ்பேனரிலும் அந்தந்த இடத்தில் டேப் சுற்றினேன்.

"இந்த டேப்பைத் தாண்டிக் கை போகக்கூடாது. மணிக்கட்டு தளர்ந்தா நிறுத்திடணும். நிறுத்தினதும் வாயால 'டிக்'னு சொல்லணும். டிக் கேட்டாத்தான் புள்ளி வைப்பேன்."

"வாயாலயா?"

"வாயாலதான்."

முதல் டிக்கைச் சொல்லும்போது அவர்களுக்கு வெட்கம். பத்தாவது டிக்கில் சிரிப்பு. பதினொன்றரை மணிக்கெல்லாம் ஷெட் முழுக்க பல்லிகள் குடியேறியது போல இருந்தது. நாக்கை மேலண்ணத்தில் தட்டி, ஒவ்வொருத்தியும் தனக்கென ஒரு டிக் வைத்துக்கொண்டாள். யாருடைய நட்டு என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு ஒரு மரைகூடப் போகவில்லை.

பாழான நட்டு, போல்ட்டுகளுக்கு மாற்று வேண்டியிருந்தது. நான் கேட்பதற்குள் சூப்பர்வைசர் பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனார். முக்கால் மணி நேரத்தில் படப்பை சைக்கிள் கடைப் பொட்டலத்தோடு வந்தார். என் கையில் வைக்கும்போது சொன்னார்: "இதுவும் என் வரிதான். ரசீது போடு."

பிறகு அவர் பைக்கில் உட்காரவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு சக்கரங்களுக்குக் காற்று அடித்தார். அறுபத்து நான்கு சைக்கிள், நூற்று இருபத்தெட்டு சக்கரம். ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிப் பார்த்து "டிக்" என்று அவரும் சொன்னார். சொல்லிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம்.

ஐந்தரை மணிக்குக் கடைசிச் சைக்கிளுக்குப் புள்ளி வைத்தேன்.

காலாண்டுத் தேர்வின் கடைசி நாள் பள்ளியில் விழா வைத்துக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். மகள் கையிலிருந்த சைக்கிளை வாங்கினார். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தன் முழு எடையையும் கொடுத்துத் தள்ளினார். நகரவில்லை. பின் பிரேக்கையும் அப்படியே பார்த்தார். மஞ்சள் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"இது இன்னாத்துக்கு?"

"செக் பண்ணியாச்சுன்னு அர்த்தம்ப்பா" என்றாள் அவள்.

"யாரு செக் பண்ணது?"

அவள் என்னைக் காட்டினாள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். சைக்கிளை மகளிடம் கொடுத்துவிட்டு, "லீவு முடியறதுக்குள்ள அந்த நாலு பேரும் நல்லா ஓட்டக் கத்துக்கணும். பாதி வழில எவளாவது வுழுந்தா எல்லாரும் திரும்பி வந்துடணும். சொல்லிடு" என்றார். அவள் என் கையை நசுக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

சூப்பர்வைசர் மாறிவிட்டார் என்று எழுதினால் அது பொய். அடுத்த திங்கட்கிழமையே பஸ்ஸில் சொன்னார்: "நான் சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஸ்கூலுக்கும் பதினோரு பொண்ணுங்க ஞாயித்துக்கிழமை போவ முடியுமா? மாட்டறதுக்கும் ஆள் போட்டுத்தான் திட்டம் போடணும். ஒரு மாசத்துல பாதி சைக்கிள் பழைய இரும்புக் கடையில கிடக்கும், பாரு." நோட்டில் இடப்பக்கம், மாட்டவும் ஆள் போட வேண்டும் என்ற வரியை நான் சேர்த்துக்கொண்டேன். அது சரியான வரி. இரும்புக் கடை வரியை எழுதவில்லை.

பள்ளி திறந்த நாள். படப்பையைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் புதுக் கார்களை ஏற்றிய நீளமான டிரெய்லர் ஒன்று திரும்ப முடியாமல் சாலையை அடைத்து நின்றது. அதன் பின்னால் லாரிகள், கம்பெனி பஸ்கள், ஷேர் ஆட்டோக்கள். எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். யாரும் நகரவில்லை.

இடப்பக்க மண் ஓரத்தில் பெல் சத்தம் கேட்டது.

முதலில் வந்தது என் வீட்டுக்காரர் மகள். பின்னால் அந்த நான்கு பேர். அவர்களுக்குப் பின்னால் அடுத்த ஊர்ப் பெண்கள், அதற்கும் பின்னால் யார் என்றே எனக்குத் தெரியாதவர்கள். நீலத் தாவணிகளைச் செருகிக்கொண்டு, ஒற்றை வரிசையில், நின்றுபோன அத்தனை வண்டிகளையும் தாண்டிக்கொண்டு போனார்கள்.

சூப்பர்வைசர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பின்னால் வரும் வரிசையை எண்ணிக்கொண்டிருந்தார். "பதினெட்டு… பத்தொன்பது… ஏய் பாப்பா, லெஃப்ட்ல போ, லெஃப்ட்ல! இருவது…"

என் வீட்டுக்காரர் மகள் எங்கள் பஸ்ஸின் முன் சக்கரத்தைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்துக் கத்தினாள்: "அக்கா! நீங்க கம்பெனி போய்ச் சேர்றதுக்குள்ள நான் ஃபர்ஸ்ட் பீரியடே முடிச்சிடுவேன்!"

பின் வரிசையில் திருநெல்வேலிப் பெண் நாக்கைத் தட்டி ஒரு டிக் சொன்னாள். அடுத்தவள் சொன்னாள். கடைசிச் சைக்கிள் எங்களைத் தாண்டிப் போகும்வரை, அதன் பின் சக்கர நட்டில் மஞ்சள் புள்ளி தெரியும்வரை, பஸ் முழுக்க டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. டிரைவர் பயந்துபோய் எஞ்சினை அணைத்துவிட்டு, எங்கேயிருந்து அந்தச் சத்தம் வருகிறது என்று இறங்கிப் பார்த்தார்.