பதினோரு வரியும் ஒரு வால்நட்சத்திரமும்

அறுபத்தெட்டு ஜூன் முதல் எழுபத்துமூன்று டிசம்பர் வரை, அருப்புக்கோட்டையில் வெளிவந்த ஒரு மாதப் பத்திரிகையில் நான் வானத்தைப் பற்றி எழுதினேன். மாதங்கள் அறுபத்தேழு, கட்டுரைகள் அறுபத்தாறு. ஒரு மாதம் எனக்கு மஞ்சள்காமாலை. ஒவ்வொன்றும் ஒரு பக்கம். பக்கத்துக்கு நாற்பத்துநான்கு வரி. நான் எழுதும்போதே வரியை எண்ணித்தான் எழுதுவேன்.

கடைக்காரர்களுக்கான பத்திரிகை அது. முதல் பக்கத்தில் வத்தல், மல்லி, பருத்தி விலை. ஏழாம் பக்கம் என்னுடையது. நடத்தியவன் என் சிநேகிதன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் வீட்டில் பலசரக்குக் கடை, எங்கள் வீட்டில் தறி. நாங்கள் வீட்டுக்குள் கன்னடம் பேசுகிறவர்கள். என் தமிழில் பிழை பார்த்துத் திருத்தியவனே அவன்தான். நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார் ஆனேன். அவன் கடைக்குப் பக்கத்தில் அச்சகம் வைத்தான்.

"நம்ம ஆளுகளுக்குப் புரியிற மாதிரி வானத்தப் பத்தி எழுதுலே. பஞ்சாங்கத்துல இல்லாததா எழுது" என்று கேட்டவனும் அவன்தான்.

நானும் அப்படித்தான் எழுதினேன். பஸ் ஸ்டாண்டில் ஓர் அடி அகலக் குடத்தை வைத்து அதைச் சூரியன் என்று கொண்டால், நாற்பத்துமூன்று எட்டு நடந்து ஒரு மல்லி விதையைக் கீழே போட வேண்டும், அதுதான் பூமி. அடுத்த குடம், அதாவது பக்கத்து நட்சத்திரம், லண்டனுக்கும் அப்பால் இருக்கும். இதை எழுதுவதற்கு முன் பஸ் ஸ்டாண்டில் நானே நடந்து பார்த்தேன். ஒரு கண்டக்டர், "சார் என்னத்தத் தொலைச்சீக?" என்று கேட்டார். பாலவனத்தம் டீக்கடையில் என் பக்கத்தை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்களாம். எனக்கு வந்த தபால் கார்டுகள் இருநூற்றுப் பன்னிரண்டு. அதிலே ஒன்று, பந்தல்குடியிலிருந்து வந்தது: "நீங்க எழுதுனா நம்பலாம்." அறுபத்தாறு கட்டுரைக்கும் எனக்குக் கிடைத்த கூலி அந்த ஒரு வரிதான் என்று நினைத்திருந்தேன்.

எழுபத்துமூன்றாம் வருடக் கடைசியில் ஒரு வால்நட்சத்திரம் சூரியனைச் சுற்றிவிட்டு வரப்போகிறது, தையை ஒட்டி மாலையில் மேற்கே தெரியும், மிகப் பிரகாசமாக இருக்கும் என்று இங்கிலீஷ் பேப்பர்களில் வந்தது. டிசம்பர் இதழுக்கு நாற்பத்துநான்கு வரி எழுதிக் கொடுத்தேன். முதல் முப்பத்துமூன்று வரியில், எப்போது, எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்பது. வால் முளைத்தால் பஞ்சம் வரும், ராசா சாவான் என்று பயப்படத் தேவையில்லை என்பது. கடைசிப் பதினோரு வரிதான் முக்கியம். வால்நட்சத்திரம் பனியும் தூசியும் சேர்ந்த கட்டி. சூரியன் பக்கத்தில் போகும்போது அது எவ்வளவு ஆவியாகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மங்கலாக, வெறுங்கண்ணுக்கே தெரியாமலும் போகலாம். அப்படிப் போனால் யாரையும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இதைத்தான் எழுதியிருந்தேன்.

இதழ் வந்ததும் எண்ணினேன். முப்பத்துமூன்று. அதற்குக் கீழே ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். தலைப்பையும் மாற்றியிருந்தான்: "பாதி வானத்தை மறைக்க வருகிறது வால்!"

அச்சகத்துக்குப் போனேன். அவன் சிரித்தான்.

"விளம்பரம் கடைசி நேரத்துல வந்துச்சுலே. எங்கிட்டு வைக்க?"

"அந்தப் பதினோரு வரி இல்லேன்னா மத்த முப்பத்துமூணும் பொய்யி."

"தெரிஞ்சாலும் தெரியும், தெரியாட்டியும் போகும்னு போட்டா எவன் வருவான்? பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை கம்மாக்கரைக்கு ஆளக் கூப்புட்டிருக்கேன். யாவாரிக சங்கத்து ஆளுக குடும்பத்தோட வாராக. பதினொன்னையும் அச்சுக் கோத்துக் கட்டி வச்சிருக்கு, அடுத்த மாசம் போட்டுக்கிருவோம்."

நான் பேசாமல் வந்துவிட்டேன். இதை மறைக்கக் கூடாது. அவன் வெட்டினான், நான் பேசாமல் வந்தேன். கூட்டம் வரும் என்பது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

ஜனவரி இதழில் என் பக்கம் முழுக்கப் பொங்கல் விளம்பரம், அந்தப் பதினொன்றும் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை நிலா எழ நேரமாகும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னதும் நான்தான். கண்மாய்க் கரையில் முந்நூற்று நாற்பது பேர் வரை எண்ணினேன். அதற்குமேல் குழந்தைகள் ஓடியதால் கணக்குத் தப்பியது. வடை, சுண்டல், ஒரு ஐஸ் வண்டி. மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு வேன். சூரியன் விழுந்ததும் மேற்கே அடிவானத்தில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. கரை முழுக்க ஒரே கூச்சல்.

"அது வெள்ளி" என்றேன். "தினமும் வாரதுதான்."

"அப்ப அதுக்கு மேல?"

"அது வியாழன்."

"வாலு எங்க சார்?"

என்.சி.சி. வாத்தியாரிடம் இரவல் வாங்கிய பைனாகுலரில் தேடித் தேடி அதைக் கண்டுபிடித்தேன். ஒரு மங்கல் திட்டு. வரிசையில் நின்றவர்களில் பதினேழு பேர் பார்த்தார்கள். ஒரு பருத்தி வியாபாரி பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இம்புட்டுப் பஞ்சு எங்க கடை வாசல்லயே பறக்கும், சார்" என்றார். கூட்டம் சிரித்தது. வேனில் வந்த ஒருவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பாதி வானம்னு போட்டிருந்தீகள்ல?"

நான் என் சிநேகிதனைப் பார்த்தேன். நாலடி தள்ளி நின்றான். தெரியாமலும் போகலாம் என்று எழுதித்தான் கொடுத்தேன், இடமில்லாமல் அது விட்டுப்போயிற்று என்று அவரிடம் சொன்னேன். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்படி ஒண்ணும் வரலையே" என்றான். "சார் குடுத்தத அப்படியே போட்டோம். படிச்சவுக சொல்றப்ப நம்ம என்னத்தக் கண்டோம்?"

முப்பது வருடமாக என்னை "ஏலே" என்று மட்டுமே கூப்பிட்டவன். அன்றைக்குத்தான் முதல்முறையாக "சார்" என்றான்.

பிப்ரவரி இதழில் ஏழாம் பக்கம் ராசிபலன். பன்னிரண்டு ராசிக்கும் மும்மூன்று வரி, முப்பத்தாறு. மிச்சத்தில் ஒரு குறிப்பு: வானியல் கட்டுரைகளில் வந்த கருத்துகளுக்குப் பத்திரிகை பொறுப்பல்ல. என் கட்டுரைகளில் வந்த செவ்வாயும் சனியும் அந்தப் பக்கத்திலும் இருந்தன, வேறு வேலையில்.

என் பழைய கையெழுத்துப் பிரதிகளைக் கேட்டு வாங்க ஒரு மத்தியானம் அச்சகத்துக்குப் போனேன். அவன் சாப்பிடப் போயிருந்தான். அச்சுக் கோப்பவர் மட்டும் இருந்தார். அவர் ஒரு மூலையைக் காட்டினார். கோத்து முடித்து, நூலால் இறுக்கிக் கட்டிய ஈய எழுத்துக் கட்டு ஒன்று, தூசி படிந்து கிடந்தது.

"சார், இது ஒங்களுது. மொதல்ல கட்டி வைக்கச் சொன்னாக, இப்பப் பிரிச்சுப் போடச் சொல்லீட்டாக. 'க' எழுத்துப் பத்த மாட்டேங்குது. பிரிச்சிரட்டா?"

குனிந்து பார்த்தேன். ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும். எனக்கு அதை வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். பதினோரு வரியும் இருந்தன. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

அவர் மை தடவி ஒரு துண்டுத்தாளில் ஒத்தி எடுத்துக் கொடுத்தார். என் சிநேகிதன் வரும்வரை வாசலில் நின்று, அந்தத் தாளை நீட்டினேன். வாங்கி வாசித்தான்.

"அத்தன பேரு முன்னால நாந்தான் வெட்டுனேன்னு சொல்லச் சொல்றியா? நான் யாவாரி. வாக்கு பொய்யின்னு ஆனா கடைக்கு எவன் வருவான்?"

"அப்ப என் வாக்கு?"

"ஒனக்கென்ன. ஒனக்கு வானம் இருக்கு."

பிறகு திருச்சுழிப் பள்ளிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீடு அருப்புக்கோட்டையிலேயே. விடியுமுன் முதல் பஸ். அவன் வீட்டைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். என் வீட்டிலிருந்து பதினான்காவது வாசல்.

எழுபத்தாறு மாசியில் ஒருநாள் அந்த நேரத்தில் கிழக்கே பார்த்தேன். விசிறியை விரித்ததுபோல ஒரு வால், கீழே பொட்டாகத் தலை. பைனாகுலர் வேண்டியதில்லை. எந்தத் தமிழ்ப் பேப்பரும் சொல்லவில்லை. எழுபத்துமூன்றில் பட்டது போதும் என்று விட்டுவிட்டார்கள்போல. பஸ் ஸ்டாண்டில் ஆறு பேர் அண்ணாந்து நின்றார்கள். டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வெளியே வந்தார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு வாத்தியாரு எழுதுனாருல்ல, வால்நட்சத்திரம் வருதுன்னு. அதுதான் இது. லேட்டா வருது."

"பஸ்ஸே லேட்டு. இது எம்புட்டுத் தூரத்துலருந்து வருது" என்றாள், கூடையை இறக்கி வைத்த ஒரு அம்மாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஊர் முழுக்க என் பெயர் சரியாகியிருக்கும். ஆனால் ஒருமுறை பேசாமல் இருந்துதான் நான் கெட்டேன்.

"அது வேற, இது வேற" என்றேன். "அன்னைக்கு அவரு சொன்னது வந்துட்டுப் போயிருச்சு, கண்ணுக்குத்தான் சரியாத் தெரியல."

டீக்கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க என்னத்த சார் கண்டீக? எழுதுனவரு படிச்சவரு. நடந்து பாத்துக் கணக்கெடுத்து எழுதுறவரு."

அந்த வால் ஒன்பது விடியல் தெரிந்தது. பள்ளி இருந்த ஆறு நாளும் பதினான்காவது வாசலைத் தாண்டிப் போனேன். கதவு சாத்தியிருந்தது. ஏலே, வெளியே வந்து பாரு என்று சொல்ல இந்த ஊரில் எனக்கு அவன் ஒருவன்தான் இருந்தான். ஆறு நாளும் கதவுக்கு நேரே வந்ததும் நின்றேன். ஒருநாளும் தட்டவில்லை.