ஆறாம் வீட்டில் இறங்கிய சோஃபா

அந்தக் குடியிருப்பின் செயலாளரம்மாவுக்குச் சும்மா இருந்தால் கை அரிக்கும். பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை. வீட்டுக்கு வந்தால் கணினியே கதி. ஒருநாள் மத்திய அமெரிக்காவின் பழைய மாயர்கள் எண் எழுதிய விதம் கண்ணில் பட்டது. ஒன்றுக்கு ஒரு புள்ளி, ஐந்துக்கு ஒரு கோடு, சைபருக்கு ஒரு சிப்பி. பத்தொன்பதைத் தாண்டினால் இருபதுகள் மேல்மாடிக்குக் குடிபோய்விடும். அவ்வளவுதான், அம்மாளுக்குப் பேய் பிடித்துவிட்டது. வட்டம் போடு, கோடு போடு என்று குட்டியாக ஒரு புரோகிராம் எழுதி, வந்த படங்களை அச்சடித்து, எல்லாக் கதவிலும் பழைய எண்ணை மறைத்து ஒட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புக் கூட்டத்தில் செயலாளர் தேர்தல். எதிர்த்து நின்றவர் ஆறாம் வீட்டு மீசைக்காரர், தனிக்கட்டை. பதவி போனால் அம்மாளுக்கு உயிர் போன மாதிரி.

சனிக்கிழமை, அம்மாளின் இருபத்தைந்தாம் வீட்டுக்கு வரவேண்டிய புது சோஃபா மீசைக்காரர் வீட்டில் இறங்கிவிட்டது. இருபத்தைந்து என்றால் மேலே இருபதுக்கு ஒரு புள்ளி, இடைவெளி, கீழே ஐந்துக்கு ஒரு கோடு. இடைவெளி விடும்படி புரோகிராமுக்குச் சொல்ல அம்மாள் மறந்திருந்தார். ஒட்டிக்கொண்ட புள்ளியும் கோடும் ஆறு! இரண்டு கதவிலும் அச்சு அசலாக ஒரே படம். வாசல் பட்டியலில் இருபத்தைந்துக்கு எந்தப் படம் என்று பார்த்துவிட்டு சோஃபா தூக்கி வந்தவர்கள், கீழேயே அந்தப் படம் இருக்கும்போது மெனக்கெட்டு மாடி ஏறுவார்களா?

அம்மாள் இறங்கி ஓடினார். மீசைக்காரர் சோஃபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அது எங்க சோஃபா."

"என் கதவுல இருக்கிற நம்பருக்குத்தானம்மா வந்திருக்கு? தப்பா வரைஞ்சுட்டேன்னு நாளைக்குக் கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. தாராளமா தூக்கிட்டுப் போங்க."

"சொல்லித் தொலையேன்" என்றார், அம்மாள் மாடிக்குத் திரும்பியதும் அவர் கணவர்.

"அப்புறம் பதவி?"

"பதவியில சாஞ்சுக்கிட்டு டிவி பாக்க முடியுமா?"

மறுநாள் காலை அம்மாள் கணவரின் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து, மீசைக்காரர் வாசலில் நிறுத்தினார். "வாயைத் திறக்காதீங்க. சோஃபாவையே பாத்துக்கிட்டு நில்லுங்க, போதும்."

எழுந்தால் சோஃபா போய்விடும் என்று மீசைக்காரர் அசையவே இல்லை. கூட்டத்தில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஆள் வரவில்லை. அம்மாளே மறுபடியும் செயலாளர் என்று அறிவித்தார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் அம்மாள் எழுந்தார்.

"ஆறையும் இருபத்தஞ்சையும் ஒரே மாதிரி வரைஞ்சுட்டேன். தப்பு என்னோடதுதான். சாயங்காலம் திருத்தி ஒட்டிடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சூட்டோடு அம்மாள் அத்தனை பேரையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு ஆறாம் வீட்டுக்குப் போனார்.

"நீங்க கேட்டபடியே கூட்டத்துல சொல்லிட்டேன், அண்ணே. எந்திரிங்க."

மீசைக்காரர் எழுந்தார். "எப்பம்மா சொன்னீங்க?"

"ஜெயிச்ச பிறகு."