ஆஃப் நாளில் மூன்று வீடு

"...அதெல்லாம் இருக்கட்டும்ங்க, உள்ள போயி ஒக்காரணுமா, வாசல்லயே நின்னு பேசிட்டு வந்துடணுமா, அத மொதல்ல சொல்லுங்க" என்றாள் அம்மா, ஈரத்தலையை முடிந்துகொண்டே.

அப்பா சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். "ஒக்காரத்தான் கூப்புட்டுருக்காங்க. வாசல்ல நிக்கறதுக்கு நாம இன்னா தபால்காரனா?"

அன்று அப்பாவுக்கு வீக்லி ஆஃப். சுரங்கத்தில் வேலை செய்கிறவன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கிழமையிலும் வரும்; எங்களுக்கு அது புதன்கிழமை வந்தது. எனக்குப் பள்ளிக்கூடம் உண்டு. ஆனால் "பாப்பாவுக்கு வயித்துவலி" என்று எனக்காக அப்பாவே சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வயிற்றுவலியோடுதான் அன்றைக்கு மூன்று வீட்டில் சாப்பிட்டேன்.

கான்ட்ராக்டில் மண் வெட்டிக்கொண்டிருந்த அப்பா பர்மனென்ட் ஆகி, எங்களுக்குச் சுரங்கத்து டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கூட வேலை செய்தவர்கள் குடும்பத்தைக் கூட்டி வரச்சொல்லி அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் ஒரே நாளில் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டார். "ஊரு பாக்கணும்னா மெட்ராசுக்கு ஏன் போவணும்? இங்க பிளாக்குக்கு பிளாக்கு ஒரு ஊரு கெடக்குது" என்பது அவர் பேச்சு.

அம்மாவின் கவலை வேறு. ஊரில் அவள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன வீடுகளில் சாப்பாடு கொல்லைப்புறத்தில்தான் போடுவார்கள். எங்கள் தெருக்காரர்களுக்கென்று தட்டும் குவளையும் மாட்டுக்கொட்டகையில் தனியாக இருக்கும். சாப்பிட்டவர்களே கழுவி, அங்கேயே கவிழ்த்துவிட்டு வரவேண்டும். இப்போது போகிற வீட்டில் எந்தத் தெரு என்று கேட்டால் என்ன சொல்வது? சொன்ன பிறகு அவர்கள் முகம் மாறினால், மறுநாள் அப்பா எப்படி அவர்களோடு ஷிஃப்டுக்குப் போவார்?

"தெருவெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க. எந்த பிளாக்கு, எந்த ஷிஃப்டு, அவ்ளோதான் கேப்பாங்க" என்றார் அப்பா.

அப்படித்தான் கேட்டார்கள். முதல் வீடு ஒரு மலையாளத்து கிரேன் ஆபரேட்டருடையது. அம்மா படிக்குக் கீழேயே நின்றுவிட்டாள். அந்த வீட்டு அம்மாள் வெளியே வந்து "கேறி வா, கேறி வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஆவி பறக்கப் புட்டு வந்தது. "தூணு மாதிரி நிக்குது, இடிச்சிடாத பாப்பா" என்று அப்பா எனக்குக் காட்டிவிட்டு, வாழைப்பழத்தோடு பிசைந்து தின்றார். சாப்பிட்டு முடித்ததும் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாய்க்குப் போனாள். கழுவி, சுவரோரம் கவிழ்த்தாள். விருந்துக்குப் போனால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் கழுவிக் கவிழ்த்தேன்.

"எந்தா இது? விருந்து வந்த ஆள் பாத்திரம் கழுகுமோ?" என்று சிரித்தாள் அந்த அம்மாள். அம்மாவின் சுத்தத்தைப் பற்றிப் புருஷனிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தாள். அப்பா மட்டும் திடீரென்று கிரேனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அடுத்தது தெலுங்குக்கார ஃபிட்டர் வீடு. அங்கே தைத்த இலையில் சோறும், நெய்யும், கரும்பச்சையாக ஒரு துவையலும். எனக்குக் காரத்தில் காது அடைத்துக்கொண்டது. அம்மாவோ முதல் வாயிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இது புளிச்சக்கீரைங்க. எங்க ஊரு கொல்லையில தானா மொளைச்சிக் கெடக்கும். ஆடுதான் மேயும்."

"ஆடு தின்னுதா? உங்க ஊரு ஆடு ரொம்பப் புண்ணியம் செஞ்சிருக்கு" என்றாள் அந்த வீட்டுக்காரி.

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். மறுசோறும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கேதான் கழுவத் தட்டு இல்லையே.

மூன்றாவது சர்தார்ஜி வீடு. சுரங்கத்தில் மண் தள்ளுகிற வண்டி ஓட்டுகிறவர். பிளாக்குப் பிள்ளைகளுக்கு அவர் சிங்கு மாமா, ஆகவே அவர் சம்சாரம் சிங்கு அத்தை. அத்தைக்குத் தெரிந்த தமிழ் 'வா, சாப்பிடு, போதும்' என்ற மூன்று சொல். அதிலும் 'போதும்' அவள் சொல்வதற்கு மட்டும்தான். நாம் சொன்னால் காதில் விழாது. நெய் வடிகிற ரொட்டிகளைப் போட்டுக்கொண்டே இருந்தாள். பெரிய பித்தளை டம்ளரில் மோர் தந்தாள். மோரில் சர்க்கரை. அப்பா அதைக் குடித்துவிட்டு, "வூட்டுல சொன்னா நம்ப மாட்டாங்கன்னுதான் கூட்டியாந்தேன்" என்றார்.

அம்மா தட்டோடு எழுந்தாள். அத்தை தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இழுத்தார்கள்.

"வுடுங்க. எங்க ஊருல இதான் வழக்கம்."

சிங்கு மாமா அதைத் தங்கள் பேச்சில் சொன்னார். அத்தை அம்மாவையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டுக் கையை எடுத்தாள். அம்மா கழுவிக் கவிழ்ப்பதைக் கூடவே நின்று பார்த்தாள்.

திரும்பி வரும் வழியில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "இங்கெல்லாம் இனிமே கழுவாத."

"கை தானாப் போவுதுங்க. நான் இன்னா செய்யட்டும்?"

அடுத்த ஆஃப் நாளில் சிங்கு மாமாவும் அத்தையும் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். வேற்று ஆள் ஒருவர் எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. காலையிலிருந்தே அம்மா அப்பாவிடம் "சாப்புடுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டார்கள். கோழிக்குழம்பின் காரத்தில் அத்தைக்கு மூக்கு சிவந்து கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

பிறகு யாரும் தடுப்பதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். சுவரோரம் பதவிசாகக் கவிழ்த்தாள். ஒரு ஊர் வழக்கத்தைத் தப்பில்லாமல் செய்துவிட்டவளின் திருப்தியோடு எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க ஊர் மரியாதை. நல்லா ஞாபகம் வச்சிருக்கா" என்றார் சிங்கு மாமா.

கரண்டியோடு நின்றிருந்த அம்மா, "அது மரியாதை இல்லீங்க" என்றாள். கொல்லைக்குப் போய் அந்தத் தட்டை நிமிர்த்தினாள். முந்தானையால் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, அத்தையின் பக்கத்தில் தோள் இடிக்க உட்கார்ந்து, தனக்கு அதிலேயே சோறு போட்டுக்கொண்டாள்.

அலமாரியில் வேறு தட்டுகள் இருந்தன. அம்மா ஏன் இதை எடுத்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. சாப்பிடும்போது அவளுக்கும் கண்ணில் நீர் வழிந்தது. தான் வைத்த குழம்பின் காரம் தனக்கே தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அம்மா அதை அத்தையின் பக்கம் நகர்த்திவிட்டு, குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிப் பிசைந்தாள்.