வலது கை, இடது கை

நான் இந்தப் பள்ளியில் சேர்ந்த இரண்டாம் நாள் தலைமையாசிரியை அந்த ஏற்பாட்டைச் சொன்னார். சத்துணவுக் கூடத்துக்கு வெளியே நின்றபடி, தட்டு கழுவும் சத்தத்துக்கு நடுவில், பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"ஆய்வுக்கு யாராவது வந்து கேள்வி கேட்டா, எல்லாப் பிள்ளைங்களும் கை தூக்கணும் சார். தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. வந்தவருக்கு எல்லாக் கையும் ஒண்ணுதான். நீங்க வலது கையா பார்த்துக் கூப்பிடுங்க."

"பிள்ளைங்களுக்கு இது தெரியுமா?"

"ஒண்ணாங் கிளாஸ்லேருந்தே தெரியும். உங்களுக்குத்தான் இப்ப சொல்றேன்."

ஆசிரியர் வேலைக்கு வருவதற்கு முன் ஒரு நாளிதழில் மாவட்டச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். இதைக் கேட்டதும், இது ஒரு செய்தி என்றுதான் தோன்றியது. எழுதவில்லை. மூன்று வாரத்தில் நானே அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தேன்.

பட்டுக்கோட்டை சாலையிலிருந்து பிரியும் வாய்க்கால் கரையில் பள்ளி. ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் என்னிடம். ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் மற்றவரிடம். ஒவ்வொரு பிள்ளையையும் அதன் வேகத்தில் படிக்க விட வேண்டும் என்று பயிற்சியில் சொல்வார்கள். குறித்துக்கொண்டு வருவேன். வந்ததும் மதிப்பீடுகளைச் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் மதகுப் பக்கம்தான் கிடைக்கும். மதகுக் கட்டையில் நின்று ஒவ்வொரு பெயராக ஏற்றுவேன். அந்த நேரம் வகுப்பில் ஆசிரியர் யாரும் இருக்க மாட்டார்கள்.

உண்மையில் என்னிடம் இருந்த நம்பகமான அளவுகோல் அந்தக் கைகள்தான். ஆய்வு இல்லாத நாட்களிலும் பிள்ளைகள் பழக்கத்தில் அப்படியே தூக்கினார்கள். யாருக்குப் புரியவில்லை என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் எப்போதும் இடது கை. பையன்கள் அவளை "லெஃப்ட்டு" என்றே கூப்பிட்டார்கள். "லெஃப்ட்டு, ஸ்கேல் குடு." கொடுப்பாள். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். கரும்பலகையைப் பார்த்து ஒரு பிழை இல்லாமல் எழுதிவிடுவாள்; எழுதியதை வாசிக்கத் தெரியாது. அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். நடவு நடக்கும் வாரங்களில் தம்பியைப் பார்த்துக்கொண்டு அவள் வரப்பில் இருப்பாள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அந்த வாரங்களின் பாடம் அவளுக்கு இல்லை.

சம்பா நடவு முடிந்து அவள் திரும்பி வந்த பிறகு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம் அவளோடு உட்கார்ந்தேன். பாடப்புத்தகத்தை எடுக்கவில்லை. சத்துணவுக் கூடத்துச் சுவரில் எந்தக் கிழமைக்கு என்ன சாப்பாடு என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். அதில் தொடங்கினோம்.

"இன்னிக்கு என்னன்னு வாசி."

"தெரியும் சார், புளிசாதம்."

"தெரியறது வேற. வாசி."

கிழமைகளை மாற்றி மாற்றிக் காட்டினேன். 'மிளகு முட்டை' என்று விரலை வைத்து அவள் கூட்டி முடிக்க நான்கு நாளானது. தை பிறந்தபோது புத்தகத்துக்கு வந்திருந்தோம். ஒரு வரிக்கு ஒரு நிமிடம். என் கைக்கடிகாரத்தில் பார்த்திருக்கிறேன்.

மாசியில் ஆய்வு என்று தகவல் வந்தது. போன ஆய்வில் ஒரு பிள்ளை வாசிக்கத் திணறியதற்கு எங்கள் இருவரிடமும் எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார்கள். தலைமையாசிரியை சுவரெல்லாம் ஒட்டடை அடிக்கச் சொன்னார். அன்று மதியம் அந்தப் பெண் கேட்டாள்.

"ஆபீசர் வந்தா நான் எந்தக் கை சார்?"

"வாசிக்க வருதுல்ல. வலது."

"லேட்டாகும் சார்."

"ஆகட்டும். நான் கூப்பிடுறேன்."

அதிகாரி பதினொன்றரைக்கு வந்தார். பக்கத்து வயலில் அறுப்பு மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் உரக்கப் பேசினார். இன்னும் இரண்டு பள்ளிக்குப் போக வேண்டும் என்றார். புத்தகத்தைப் பிரித்து ஒரு பத்தியைக் காட்டி, "யார் வாசிக்கிறீங்க?" என்றார்.

எல்லாக் கைகளும் எழுந்தன. மூன்றாவது வரிசையில் அவளுடைய வலது கை. கீழே இறங்கிவிடாமல் இருக்க, இடது கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பத்தியில் ஆறு வரி. அதிகாரி செல்போனை எடுத்து மணி பார்த்தார். தலைமையாசிரியை வாசலில் நின்றிருந்தார்.

வழக்கமாக வாசிக்கும் பையனைக் கூப்பிட்டேன்.

அவன் மூச்சு விடாமல் வாசித்து முடித்தான். "குட்," என்றார் அதிகாரி. டேப்லெட்டில் எதையோ தொட்டார். டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். அவள் கை எப்போது இறங்கியது என்று நான் பார்க்கவில்லை.

கார் போன பிறகு தலைமையாசிரியை சொன்னார்: "அந்தப் பொண்ணு வலது கையத் தூக்கினப்ப எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. மாத்தித் தூக்கிடுச்சோன்னு."

"மாத்தித் தூக்கல டீச்சர். இப்ப வாசிக்குது."

"வாசிக்கும் சார். எப்ப முடிக்கும்?"

சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மதியம் அவள் வழக்கம்போல வந்து சத்துணவுக் கூடத்துப் படியில் உட்கார்ந்தாள். "அடுத்த தடவை உன்னைக் கூப்பிடுறேன்," என்றேன். "சரி சார்," என்றாள். அடுத்த தடவை வரும்போது அவள் இந்தப் பள்ளியில் இருக்க மாட்டாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். விட்ட இடத்திலிருந்து வாசித்தாள்.

மறுநாள் வகுப்பில் ஒரு சுலபமான சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் கேட்டேன். முந்தின வாரம் படியில் அவளே வாசித்த சொல். இடது கையைத் தூக்கினாள்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு அந்த ஏற்பாட்டை நிறுத்தினேன். தெரிந்தவர்கள் மட்டும் கை தூக்குங்கள், எந்தக் கையானாலும் சரி என்றேன். வழக்கமாக வாசிக்கும் பையன் கேட்டான்: "அப்ப ஆபீசர் வந்தா சார்?" பாடத்தைத் தொடங்கினேன். சில நாளில் பிள்ளைகள் பழையபடியே தூக்க ஆரம்பித்தார்கள். நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

அவள் ஒரு மதியமும் தவறவில்லை. பங்குனிக் கடைசியில் ஒரு வரிக்கு இருபது நொடி. விரல் வைப்பதும் நின்றிருந்தது. வகுப்பில் இடது கைதான். செயலியில் அவள் பெயருக்கு எதிரே 'சரளமாக வாசிக்கிறார்' என்று பதிவாகியிருக்கிறது. ஆய்வுக்கு முந்தின வாரம், மதகுக் கட்டையில் நின்று, வகுப்பு முழுவதற்கும் நான் ஒரேயடியாக ஏற்றியது அது.