கையெழுத்துப் போடாத தெரு

ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும், தமிழ் பேசும் எங்கள் ஊர் ஆந்திராவிலேயே இருக்குமா, மதராஸோடு சேருமா என்பதுதான் எங்கும் பேச்சு. மகள் நான் வாத்தியார் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். நைனா, என் அப்பா, வேறொன்றுக்குக் காத்திருந்தார்.

திருப்பதியிலிருந்து வந்த போதகர் ஒருவர் எங்கள் தெரு ஜெபவீட்டில் மூன்று நாள் பேசினார். யூதருக்கு நாடு கிடைத்துவிட்டது, வேதத்தில் சொன்ன அத்திமரம் துளிர்த்துவிட்டது, கர்த்தர் வாசலண்டை வந்துவிட்டார் என்றார். உலகத்து ராஜ்யங்களின் காகிதத்தில் கை வைக்காதீர்கள், அது கடைசிக் காலத்து மிருகத்தின் முத்திரை என்றார். இனிமையான குரல். கேட்கக் கேட்கச் சுவர்கள் விலகி, நாங்கள் எல்லோரும் காற்றில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அந்த வருஷம் நைனா வேர்க்கடலை விதைக்கவில்லை.

எங்கள் ஊரை மதராஸோடு சேர்க்கக் கேட்கும் மனுவை எடுத்துக்கொண்டு பக்கத்து நிலத்துக்காரர் வந்தார். நைனாவுக்குச் சிறுவயது முதல் சிநேகிதர்.

“அண்ணே, நீ கையெழுத்து போட்டாதான் உங்க தெரு போடும்.”

“ரெண்டு ராஜ்யமும் அழியப்போவுது. எங்க ராஜா வந்துக்கினு இருக்காரு. நான் எதுக்குப் போடணும்?”

“அவரு வர்றவரைக்கும் பசங்க எந்தப் பாஷைல படிக்கும்?”

நைனா வானத்தைப் பார்த்தார். சிநேகிதர் காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் தெருவில் யாருமே போடவில்லை. அந்த மனுவைப் படித்துப் புரிந்துகொண்ட நானும் போடவில்லை.

ஒரு ஞாயிறு விடியலில் எல்லோரும் வெள்ளை உடுத்திக் கிழக்குப் பாறையில் போய் உட்கார்ந்தோம். பனியில் நகரி மலை அடியில்லாமல் மிதந்தது. யாரோ மெதுவாகப் பாடினார்கள். என் உடம்புக்குக் கனமே இல்லை. இதோ, இதோ என்று நெஞ்சு சொன்னது. பனி விலகியது, சூரியன் வந்தது, கைக்குழந்தை ஒன்று பாலுக்கு அழுதது. நைனா கடைசியாக எழுந்து, “இன்னைக்கு இல்ல” என்றார். அவ்வளவு அமைதியான காலை அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை.

எல்லை முடிவானது. திருத்தணி மதராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திரா பக்கமே நின்றோம். எங்கள் கையெழுத்துகள் கோட்டை நகர்த்தியிருக்குமா என்று தெரியாது. நான் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தெலுங்கு எழுத்துப் படித்து, சித்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை வாங்கினேன்.

என்னைக் கொண்டுபோய் விட நைனா வந்த பஸ்ஸில் அந்தச் சிநேகிதரும் ஏறினார். மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. நைனா நகர்ந்து இடம் விட்டார்.

“நான் போட்டிருக்கணும்பா.”

“உடு அண்ணே. பொண்ணுக்கு வேலை கெடச்சிருக்கா?”

“ஆமா. தெலுங்கு பள்ளிக்கூடம்.”

சித்தூர் வரும்வரை இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

கர்த்தர் வருவார் என்று நைனா சாகும்வரை நம்பினார். ஆனால் அடுத்து வந்த ஒவ்வொரு தேர்தலிலும் தெருவையே கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றார்.