ஹைபிரிட் வண்டியும் பின்சீட்டுக்காரர்களும்

மலையில் டாக்சி ஓட்டுகிறவன் வண்டியை மாற்ற வேண்டுமென்றால், பின்சீட்டில் உட்காருகிறவர்களின் சம்மதமும் வேண்டும். இந்தத் தொழிலில் இடுப்பு ஒடிந்த சக டிரைவர்களான உங்களுக்கு இது தெரியாததல்ல. என் பழைய டீசல் காரின் ஆயுள் முடிந்துவிட்டது. சேமிப்பு முழுவதையும் போட்டு, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் எஸ்யூவி வாங்கலாமா என்று யோசனை. அறுபத்து மூன்று வயதில் தவறாக வாங்கினால் இன்னொன்றுக்கு வழியில்லை. கலந்து பேச மனைவியும் இல்லை. தவறி ஆறு வருஷமாகிறது. வாடிக்கைக்காரர்களைத்தான் கேட்டேன்.

சக்கரத்துக்குக் கல்

சேலம் ஷோரூம்காரர் ஒருவர் வண்டியை ஏற்காட்டுக்கே கொண்டுவந்தார். என் வாடிக்கைக்காரர் ஸ்டெல்லா டீச்சரையும் ஏற்றிக்கொண்டு கிளியூர் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். எதிரே பஸ் வந்தது, ஒதுங்கி நிறுத்தினேன். எஞ்சின் அடங்கிவிட்டது.

ஏற்றத்தில் எஞ்சின் நின்றால் நாம் என்ன செய்வோம்? எழுபது வயது டீச்சர் மளமளவென்று இறங்கி, ஒரு கல்லைத் தூக்கிவந்து பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். வண்டி நின்றால் எஞ்சின் தானாக அணையும், அதுதான் இதன் சிறப்பு என்று ஷோரூம்காரர் பதறிப்போய் விளக்கினார். டீச்சர் கைமண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார்:

"நின்னு போறதுக்கா கண்ணு இத்தன வெல?"

காதர் பாயின் டீ

வாழவந்தி வழியில் காதர் பாயின் கடை. என் கார் கீழ் வளைவில் முனகும்போதே டீ போட ஆரம்பித்துவிடுவார். அன்று புது வண்டியில் சத்தமில்லாமல் போய் வாசலில் நின்று ஹாரன் அடித்தேன். கையிலிருந்த வடைக் கரண்டி நழுவி எண்ணெய்க்குள் விழுந்தது.

"வாங்கறதுன்னா வாங்குங்க, ஆனா டீ வேணும்னா கீழிருந்தே போன் போட்டுட்டு வாங்க!"

மலை ஒத்துக்காதவர்

டீச்சருக்கு வாரம் ஒருமுறை சேலத்தில் கண் வைத்தியம். கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவார். இரண்டு இடத்திலாவது வாந்திக்கு நிறுத்த வேண்டும். "எனக்கு மலை ஒத்துக்கலைங்க" என்பார். நானும், "மலை அப்படித்தானுங்க" என்பேன்.

மறுநாள், ஷோரூம்காரர் ஓட்டிப்பார்க்க விட்டுப்போயிருந்த அதே புது வண்டியில் அவரைக் கூட்டிப்போனேன். டீசல் வாடை இல்லை, உதறல் இல்லை. பாதி மலை இறங்கியதும் கண்ணாடியில் பார்த்தால், பழம் மடியில் கிடக்க, டீச்சர் வாய் திறந்து தூங்குகிறார். அடிவாரத்தில் விழித்தார். பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க டேவிட்டு, இத்தன வருசமா எனக்கு ஒத்துக்காதது மலை இல்லீங்க, உங்க வண்டிதானுங்க!"

அன்றைக்கே முன்பணம் கட்டிவிட்டேன். இத்தனை வருஷமாக மலை சுமந்த பழியை மட்டும் இனி நான்தான் சுமக்க வேண்டும்.